1.56 விநாடியும் ஒரு கழுத்து வலியும்

எனக்கு அப்போது 19 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரி விடுமுறையில் நண்பர்களுடன் வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த ரோலர் கோஸ்டர், சங்கிலி இழுக்க மெதுவாக உச்சிக்கு ஏறி இறங்கும் பழைய வகையல்ல. சமதளத்தில் நின்றுகொண்டிருக்கும், அடுத்த நொடி வில்லிலிருந்து விட்ட அம்பைப்போலப் பாயும். புறப்படும் நேரத்தில் நான் குனிந்து என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை பின்னால் போய் இருக்கையில் மோதியது.

இறங்கியபோது கழுத்தைத் திருப்ப முடியவில்லை. “சூப்பர்டா, இன்னொரு தடவை போகலாமா?” என்று நண்பர்கள் கேட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்ட முயன்றேன். வீடு திரும்பியதும் அம்மாவிடம், “தூக்கத்தில் சுளுக்கிவிட்டது” என்றேன். கோடாலித் தைலம் தேய்த்துவிட்டார். இரண்டு வாரத்தில் வலி போனது. பூங்கா ஊழியரிடமோ மருத்துவரிடமோ நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அன்று வாய்திறக்காதது தவறு என்று எனக்கு உணர்த்தியது, ஜப்பானில் ஃபுஜி மலைக்கு அருகிலுள்ள ஃபுஜி-கியூ ஹைலேண்ட் பூங்காவில் நடந்த ஒரு சம்பவம்.

அந்தப் பூங்காவின் ‘டோடோன்பா’ 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரும்பு ரோலர் கோஸ்டர். அழுத்தப்பட்ட காற்றின் விசையால் அதன் பெட்டிகள் பாய்ந்தன. தொடக்கத்தில் 1.8 விநாடியில் மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. 2017ல் அதை மாற்றியமைத்து ‘டோ-டோடோன்பா’ என்று பெயரிட்டார்கள். புதிய கணக்கு: 1.56 விநாடியில் 180 கிலோமீட்டர்.

இந்த எண்களை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 50 மீட்டர். அதை 1.56ஆல் வகுத்தால் முடுக்கம் ஏறத்தாழ 32 வரும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. அதாவது உங்கள் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகமான விசை, முதுகிலிருந்து உங்களை முன்னால் தள்ளுகிறது. நாம் தினமும் ஏறும் மெட்ரோ ரயில் போன்றவற்றின் முடுக்கம் பொதுவாக 1 என்ற அளவில்தான் இருக்கும். அதற்கே கைப்பிடியைத் தேடுகிறோம்.

அபுதாபி ஃபெராரி வோர்ல்டில் உள்ள ‘ஃபார்முலா ரோசா’ இதைவிட வேகமானது. மணிக்கு 240 கிலோமீட்டர்; பயணிகளுக்குக் கண்ணாடி அணிவித்துத்தான் ஏற்றுகிறார்கள். ஆனால், அந்த வேகத்தை எட்ட அது எடுத்துக்கொள்வது 4.9 விநாடி. முடுக்கம் 14க்கும் குறைவு. அமெரிக்காவில் 139 மீட்டர் உயரத்துக்கு ஏறிய ‘கிங்டா கா’ 3.5 விநாடியில் 206 கிலோமீட்டரை எட்டியது. அதன் முடுக்கம் சுமார் 16. டோ-டோடோன்பாவுக்கு இவற்றைவிட வேகம் குறைவு. உடலுக்குக் கொடுத்த உந்துதலோ இரு மடங்கு.

வேகம் நம்மை வருத்துவதில்லை. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தில் காப்பி குடிக்கிறோம். வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதைத்தான் உடல் உணரும். பெரியவர் ஒருவரின் தலை நான்கைந்து கிலோ எடை இருக்கும். தலை இருக்கையில் நன்றாகச் சாய்ந்திருந்தால் அந்த விசையை இருக்கை தாங்கும். குனிந்தோ பக்கத்தில் திரும்பியோ இருந்தால் கழுத்து தாங்க வேண்டும். என் கழுத்துக்கு நேர்ந்தது அதுதான்.

2020 டிசம்பருக்கும் 2021 ஆகஸ்ட்டுக்கும் இடையில் டோ-டோடோன்பாவில் சென்ற சிலர், தங்களுக்குக் கழுத்திலும் முதுகிலும் எலும்பு முறிவு ஏற்பட்டதாகத் தெரிவித்தார்கள். 2021 ஆகஸ்ட்டில் சவாரி நிறுத்தப்பட்டது. மீண்டும் அது ஓடவே இல்லை. 2024 மார்ச்சில் நிரந்தரமாக மூடப்படுவதாகப் பூங்கா அறிவித்தது.

இதில் தண்டவாளம் உடையவில்லை, பெட்டி தடம் புரளவில்லை. இயந்திரத்தில் உடைந்த பாகம் எதையும் காட்டி, “இதுதான் காரணம்” என்று சொல்ல வழியில்லை. பயணிகள் வாய்திறந்து சொன்னதால்தான் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது என்பதே வெளியே தெரிந்தது. திருகாணி தளர்ந்தால் அதைக் கண்டுபிடிக்கக் கருவி இருக்கிறது. சவாரி முடிந்து வீட்டுக்குப் போனவரின் முதுகு வலியைப் பூங்காவின் எந்தக் கருவியும் காட்டாது.

“ஆயிரக்கணக்கானோர் ஏறி, சிரித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். சிலருக்காக ஒரு சவாரியையே நிறுத்த வேண்டுமா?” என்று இந்தக் கதையைக் கேட்ட மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இத்தகைய சவாரிகளை எல்லாம் மூட வேண்டும் என்பது என் கருத்தல்ல. காந்த விசையாலும் எண்ணெய் அழுத்தத்தாலும் பாயும் எத்தனையோ கோஸ்டர்கள் உலகெங்கும் ஓடுகின்றன. நானும் அதற்குப் பிறகு சிலவற்றில் ஏறியிருக்கிறேன், மகிழ்ந்திருக்கிறேன். ஆனால், ஓர் எலும்பு முறிவைத் தற்செயல் எனலாம். இரண்டாவது, மூன்றாவது என்று வரும்போது அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பதற்கு முதலில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். என்னைப்போல் எல்லாரும் “சுளுக்கு” என்று மறைத்தால், ஏட்டில் ‘காயம் எதுவும் இல்லை’ என்றுதான் பதிவாகும். அடுத்த வரிசையில் நிற்பவர் அந்தப் பதிவை நம்பித்தான் ஏறுவார்.

சவாரியை நிறுத்துவது பூங்காக்களுக்கு எளிதல்ல. நம் செந்தோசாவிலேயே பார்த்தோம். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரின் ‘பேட்டல்ஸ்டார் கேலக்டிகா’ இரட்டை ரோலர் கோஸ்டர், 2010 மார்ச்சில் பூங்கா திறந்த சில நாள்களிலேயே தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நிறுத்தப்பட்டது. மறுபடியும் ஓடியது 2011 பிப்ரவரியில்தான். 2013 ஜூலையில் மீண்டும் மூடி, நால்வர் அமரும் இருக்கைகளுக்குப் பதில் இருவர் அமரும் இருக்கைகளைப் பொருத்தி, 2015 மே மாதம்தான் திறந்தார்கள். ஆசையோடு போய் ஏமாந்து திரும்பியவர்களில் நானும் ஒருவன். அன்று சலித்துக்கொண்டேன். இன்று யோசித்தால், ஐயம் தீரும்வரை காத்திருந்ததே சரி என்று படுகிறது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலர் நாளை பொறியாளராகவோ மருத்துவராகவோ வரப்போகிறீர்கள். அன்று உங்கள் மேசைக்கும் இப்படி ஒரு புகார் வரும். வரைபடமும் கணக்கும் சரியாக இருக்கும். ஒருவர் மட்டும் “வலிக்கிறது” என்பார். அவருடைய சொல்லையும் ஓர் அளவீடாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கு கருதாமல் விட்ட ஓர் உடலைப்பற்றி அது உங்களுக்குச் சொல்கிறது.

இன்று நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. இத்தகைய சவாரியில் ஏறினால் முதுகையும் தலையையும் இருக்கையில் நன்றாகச் சாய்த்து, நேராகப் பாருங்கள். நுழைவாயிலில் உள்ள எச்சரிக்கைப் பலகையைப் படியுங்கள். கழுத்து, முதுகு, இதயம் தொடர்பான சிக்கல் இருந்தால் ஏறாதீர்கள். இறங்கிய பிறகு வலி இருந்தால் அங்கேயே ஊழியரிடம் சொல்லுங்கள். மறுநாள் வலி தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள், பூங்காவுக்கும் எழுதுங்கள். வீட்டில் மறைக்காதீர்கள்.

நண்பர்கள் குழுவில் யாராவது ஒருவர், “நான் வரவில்லை, பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்” என்பார். அவரை ‘பயந்தாங்கொள்ளி’ என்று கேலி செய்யாதீர்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் 19 வயதில் நான் வலியை மறைத்துக்கொண்டு சிரித்தேன். அடுத்த விடுமுறையில், கீழே நிற்கும் நண்பரிடம் பையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்வாருங்கள். இறங்கியதும் கூட வந்தவர்களிடம், “எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்று ஒருமுறை கேளுங்கள்.