தனியாகப் படிக்கலாம், தனியாகப் பேச முடியாது

உயர்தரம் படிக்கும் எம்மில் ஒருவரை உறவினர்கள் கண்டால் கேட்கும் முதற் கேள்வி, "என்ன பிரிவு மகள்?" என்பது. இரண்டாவது கேள்வி, "இங்கிலீஷ் கிளாஸுக்குப் போறீங்களா?" என்பது. இல்லை என்றால் அவர்களுக்குக் கவலை வந்துவிடும். வகுப்புக்குப் போகாமல் ஆங்கிலம் வராது என்ற எண்ணம் எமது ஊர்களில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளது.

அந்த எண்ணம் பாதி சரி, பாதி பிழை என்பதே எனது கருத்து.

உயர்தரப் பரீட்சையில் பொது ஆங்கிலம் என்றொரு வினாத்தாள் எமக்கு உண்டு. அதன் புள்ளிகள் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே அந்தப் பாடவேளையில் நாம் மேசைக்குக் கீழே இரசாயனவியல் கொப்பியையோ பொருளியல் குறிப்பையோ விரித்துக்கொள்கிறோம். கணக்கில் வராத பாடந்தானே என்பது எமது நியாயம். ஆனால் பல்கலைக்கழகத்திற்குள் சென்றால் மருத்துவம், பொறியியல் போன்ற பீடங்களில் விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. தமிழ் மொழிமூலம் படித்து நல்ல பெறுபேற்றுடன் சென்ற என் ராத்தா, முதல் சில மாதங்கள் விரிவுரையில் காதில் விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வந்து, இரவில் அகராதியில் தேடியதாகச் சொன்னார். வெளிநாட்டில் மேற்படிப்புக்கோ தாதியர் தொழிலுக்கோ விண்ணப்பிக்க விரும்பினால், ஐ.ஈ.எல்.ரீ.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேற்றைப் பல இடங்களில் கேட்கிறார்கள்.

இதற்கென வகுப்புகள் இல்லாமலில்லை. அவை பெரும்பாலும் நகரத்தில், பின்னேரத்தில் நடைபெறுகின்றன. வகுப்பு முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து சேர மஃரிப் தாண்டிவிடும். அதற்கு மேல் கட்டணம். பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் உம்மாவையும், மூன்று பாடங்களின் வகுப்புக் காசுக்கே கஷ்டப்படும் வாப்பாவையும் நாம் எப்படிக் குறை சொல்வது? ஆகவே எம்மில் பலருக்குச் சுயகற்றல் என்பது விருப்பத்தால் தெரிவு செய்யும் வழியன்று. இருக்கும் ஒரே வழி அதுதான்.

அந்த வழி நம்மைச் சேருமிடத்துக்குக் கொண்டுபோகுமா? ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பரீட்சையையே எடுத்துப் பார்ப்போம். செவிமடுத்தல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என அது நான்கு பகுதிகளைக் கொண்டது. செவிமடுத்தலில் 40 வினாக்கள். ஒலிப்பதிவு ஒரு தடவை மாத்திரமே ஒலிக்கும். வாசித்தலிலும் 40 வினாக்கள். நேரம் 60 நிமிடங்கள். இவ்விரு பகுதிகளுக்கும் ஆசிரியர் அருகில் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதிரி வினாத்தாளும் விடைத்தாளும் ஒரு கைத்தொலைபேசியும் போதும்.

ஆனால் விடையைச் சரிபார்த்துப் புள்ளியைக் கூட்டிவிட்டு அடுத்த வினாத்தாளுக்குப் பாய்வது படிப்பாகாது. பிழைத்த விடை ஏன் பிழைத்தது என்று எழுதிவைக்க வேண்டும். நான் அப்படி எழுதியபோது ஓர் உண்மை தெரிந்தது. வாசித்தலில், ஒரு கூற்று 'சரி', 'பிழை', 'தரப்படவில்லை' ஆகிய மூன்றில் எது என்று கேட்பார்கள். 'தரப்படவில்லை' என்று எழுதவேண்டிய இடங்களில் நான் 'சரி' என்றே எழுதியிருந்தேன். பந்தியில் இல்லாததை என் பொது அறிவால் நிரப்பியிருக்கிறேன்! என் பிழை ஆங்கிலப் பிழையே அல்ல, நிதானப் பிழை. இதை எனக்குக் கண்டுபிடித்துத் தந்தது எந்த வகுப்பும் அல்ல, 40 பக்கக் கொப்பி ஒன்றுதான்.

இதுவரை சுயகற்றல் வெல்கிறது. எழுதுதலுக்கும் பேசுதலுக்கும் வரும்போதுதான் அது தடுமாறுகிறது.

எழுதுதலின் இரண்டாம் வினாவுக்குக் குறைந்தது 250 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நான் எழுதியதை நானே வாசித்தால் எல்லாமே சரியாகத்தான் தெரிகிறது. பேசுதல், பரீட்சகர் ஒருவருடன் 11 முதல் 14 நிமிடங்கள் வரை நேருக்கு நேர் நடப்பது. அதில் ஒரு கட்டத்தில், தரப்பட்ட தலைப்பைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, இரண்டு நிமிடங்கள் வரை தொடர்ந்து பேச வேண்டும். கண்ணாடிக்கு முன் நின்று பேசிப் பழகலாம் என்கிறார்கள். நானும் பேசினேன். கண்ணாடி என்னை ஒருநாளும் திருத்தவில்லை. அதைப் பார்த்து எனக்குப் பயமும் வரவில்லை. மனிதர் முன்னால் நின்றால்தானே பயம் வருகிறது?

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. தரம் 10 இல் என் தோழி ஒருத்தி ஆங்கிலப் பாடத்தை உரத்து வாசித்தாள். 'ஐலண்ட்' என்று உச்சரிக்க வேண்டிய சொல்லை, எழுத்துக்கூட்டி 'இஸ்லாண்ட்' என்று வாசித்தாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு அவள் ஆங்கிலப் பாடத்தில் கை உயர்த்தியதை நான் காணவில்லை. சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள் என்று கேலியாகச் சொல்வதுண்டு. மேலிருப்பவர்கள் கீழிருப்பவர்களை வெட்டும் வாள் என்பது அதன் கருத்து. ஆனால் அந்த வாளை அன்று பிடித்திருந்தது எந்தப் பெரிய இடத்துப் பிள்ளையும் அல்ல. அவளுக்கு அடுத்த கதிரையில் இருந்த நான்.

எனவே நான் சொல்ல வருவது இதுதான். எமக்கு முதலில் தேவை இன்னுமொரு வகுப்பு அல்ல. சிரிக்காமல் கேட்கும் ஒரு காது. அதை எமக்கு நாமே கொடுக்கலாம், காசில்லாமல் கொடுக்கலாம்.

இந்தத் தவணையில் நாங்கள் மூவர், வாரத்தில் ஒருநாள் இடைவேளையின்போது ஒன்றுசேர்கிறோம். ஒருத்தி பேசுவாள், ஒருத்தி மணிக்கூட்டைப் பார்ப்பாள், மற்றவள் பிழைகளைக் குறிப்பாள். பேசி முடியும் வரை திருத்தக் கூடாது, சிரிக்கவே கூடாது. முதல் வாரம் அரை நிமிடத்தில் எனக்குச் சொற்கள் தீர்ந்துபோயின. இப்போது பிழைகளோடுதான் என்றாலும், இரண்டு நிமிடம் பேசுகிறேன். அந்த மூவரில் ஒருத்தி, நான் சிரித்துப் புண்படுத்திய அதே தோழி. மன்னிப்புக் கேட்டபோது, "அதெல்லாம் மறந்திட்டேன்" என்றாள். ஆனாலும் முதல் மூன்று வாரம் மணிக்கூட்டை மட்டும்தான் பார்த்தாள். நான்காம் வாரம் பேசினாள்.

ஆசிரியர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எமது ஆங்கில டீச்சர்மாரிடம் ஒரு வேண்டுகோள்: இரண்டு வாரத்திற்கு ஒருமுறை எங்கள் கட்டுரை ஒன்றைத் திருத்தித் தாருங்கள். தோழியரிடம் ஒரு வேண்டுகோள்: பொது ஆங்கிலப் பாடவேளையை அந்தப் பாடத்துக்கே கொடுங்கள். ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பரீட்சைக்கு இப்போதே காசு கட்ட ஓடத் தேவையில்லை. அதன் பெறுபேறு பொதுவாக 2 வருடங்களுக்கே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பரீட்சையைத் தேவை வரும்போது எழுதலாம். ஆயத்தத்தை மட்டும் பிற்போட முடியாது.

ஆங்கிலத்தின் பின்னால் போனால் தமிழை விட்டுவிடுவோம் என்று அஞ்சுவோருக்கும் ஒரு வார்த்தை. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்த அறிஞர் சித்தி லெப்பை, ஆங்கிலம் கற்ற ஒரு சட்டத்தரணி. முஸ்லிம்கள் ஆங்கிலக் கல்வி பெற வேண்டுமென வலியுறுத்திய அவரே, 1885 இல் தமிழில் 'அசன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலையும் எழுதினார். ஒரு மொழியைக் கற்பதற்காக இன்னொன்றைக் கைவிட வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அடுத்த வாரம் இடைவேளையில் நீங்களும் மூவராகச் சேருங்கள். ஒரு மணிக்கூடு போதும். பிழையாகப் பேசுவோம், பேசிப் பேசித் திருந்துவோம், இன்ஷா அல்லாஹ்.