வட்டு எங்கே போயிற்று?



விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிவுற்றதால், பல இல்லங்களில் விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் பதிந்து வருகின்றனர். அவ்வேளையில் சில மடிக்கணினிகளில், பதிவதற்கு வட்டே இல்லை என்று திரை கூறும். "வட்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" எனக் கடைக்காரரும் சொல்லக்கூடும். அவசரப்படாதீர்கள். வட்டு நலமாகவே இருக்கலாம்; அதனை அடையாளம் காணும் டிரைவர் மென்பொருள் இல்லாதிருக்கலாம்.

காரைக்குடியின் பெரிய வீடுகளில் அறைக்கோர் சாவி இருக்கும். உள்ளே பொருள் பத்திரமாக இருந்தாலும், உரிய சாவியின்றி எடுக்க இயலாது. சிப்செட்டைச் சார்ந்த சேமிப்புக் கட்டுப்படுத்தி பூட்டு என்றால், டிரைவரே அதன் சாவி.

இது புதிய சிக்கலன்று. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், 2004-இல் வகுக்கப்பட்ட ஏ.எச்.சி.ஐ. முறைக்கு டிரைவர் இல்லை. எனவே பிளாப்பியில் டிரைவரை வைத்து, எஃப்6 விசையை அழுத்தி ஏற்றினர். இன்று இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் உள்ள வி.எம்.டி. அமைப்பு அதே சிக்கலைத் தருகிறது.

சரியான டிரைவரைத் தேர்வது எப்படி? கணினி இயங்கும்போதே டிவைஸ் மேனேஜரில் 'ஸ்டோரேஜ் கண்ட்ரோலர்ஸ்' பகுதியைப் பாருங்கள். 'ஸ்டாண்டர்டு என்.வி.எம். எக்ஸ்பிரஸ் கண்ட்ரோலர்' என்றிருந்தால் விண்டோஸில் உள்ள டிரைவரே போதும். இல்லையேல் ஹார்டுவேர் ஐ.டி.யைக் குறித்துக்கொள்ளுங்கள். 8086 இன்டெல்லையும், 1022 ஏ.எம்.டி.யையும் குறிக்கும். பின்னர், கணினியின் அடிப்புறத்திலுள்ள மாடல் எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே டிரைவரைப் பெறுங்கள். புதிய பதிப்புகள் பழைய தலைமுறைகளைக் கைவிடுவதுண்டு. ஆகவே பதிப்பெண் பெரியதென்பதால் மட்டும் அது பொருந்திவிடாது. கோப்புகளை விரித்துப் பென்டிரைவில் வைத்து, பதியும்போது 'லோடு டிரைவர்' என்பதை அழுத்தினால் வட்டு தோன்றும்.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அண்ணனுக்கும் தங்கைக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் கிடைத்தவை ஒன்றுபோல் தோன்றினும், சிப்செட் வேறாக இருக்கலாம். ஒன்றன் டிரைவரை மற்றதற்கு இடாதீர்கள்.

பயாஸில் வி.எம்.டி.யை நிறுத்திவிடுவது எளிய வழியெனச் சிலர் கூறுவர். ஏற்கெனவே பதிந்துள்ள விண்டோஸ் அதனால் துவங்காமற்போகலாம். பிட்லாக்கர் மீட்புச் சாவியையும் கேட்கலாம். அச்சாவியை முன்னரே எழுதி வைப்பதும், கோப்புகளுக்கு வேறிடத்தில் நகலெடுப்பதும் முதற்கடமை.

அயல்நாட்டிலிருந்து அத்தா அனுப்பிய படங்களும், வீட்டுப் பத்திர நகல்களும் அவ்வட்டில்தான் உள்ளன. பழுது பார்ப்பவரிடம் நாம் ஒப்படைப்பது ஓர் அமானிதம். வட்டை அழிக்கவோ மாற்றவோ இசையுமுன், "உரிய டிரைவரை ஏற்றிப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.