எண்ணெய் எங்கே போகும்?

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. பலர் கூடி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். மந்திரவாதியாக வருபவர் புதிய மந்திரத்தைத் தாமே வகுக்கவும் செய்யலாம். நடுவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நெட்டுக்குப்பத்து மாணவர் ஒருவர் இதை ஆடினால் என்ன மந்திரம் கேட்பார்? 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்ததல்லவா? "எண்ணெயே, மறைந்து போ!" என்பார். நான் நடுவரானால் ஒப்பமாட்டேன். பொருள் இல்லாமற் போகாது. அது எங்கே போகிறதென்று எழுதுங்கள் என்பேன். "ஓரிடத்தில் திரண்டு வா" என்றால் சரி. எதையும் செய்துவிடும் மந்திரம் ஆட்டத்தையே கெடுத்துவிடும்.

அடுத்து, எல்லை. அந்த ஆட்டத்தின் பெயர்பெற்ற நெருப்புருண்டை மந்திரம் 20 அடி ஆரத்துக்குள்தான் பாயும். நம் மந்திரத்துக்கும் அதையே கொடுப்போம். பரப்பு சுமார் 117 சதுர மீட்டர். எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை ஓதினால் திரள்வது 117 மில்லிலிட்டர். ஒரு சின்ன டம்ளர் அளவு! படலம் ஒரு மில்லிமீட்டர் என்றால் 117 லிட்டர். அதற்குப் பீப்பாய் வேண்டும், தூக்க ஆள் வேண்டும். அவற்றையும் மந்திரத்திலேயே சேர்த்துவிடாதீர்கள். முகத்துவாரத்தில் அன்று மீனவர்கள்தாம் படகிற்போய் எண்ணெயை அள்ளிப் பீப்பாய்களில் நிரப்பினார்கள்.