வால்வை மாற்றும் முன் மூடும் முறையை மாற்றுங்கள்

ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது. மூன்று ஏக்கரில் தக்காளியும் முருங்கையும் வைத்திருக்கிறார். ஆழ்துளைக் கிணற்றில் 5 குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார், 63 மி.மீ. பி.வி.சி. மெயின் லைன், மூன்று வயலுக்கும் தனித்தனியே பால் வால்வு, சொட்டுநீர்ப் பாசனம். ஒரு வயல் பாய்ந்ததும் அந்த வால்வை மூடிவிட்டு, நடந்துபோய் அடுத்த வயல் வால்வைத் திறப்பது வழக்கம். இந்தக் கோடையில் மட்டும் மூன்று முறை எல்போ பக்கம் குழாய் வெடித்துவிட்டது. பால் வால்வுகளைக் கழற்றிவிட்டுக் கன்மெட்டல் கேட் வால்வு போடச் சொல்கிறார் கடைக்காரர். செலவு செய்து மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. குழாய் வெடிப்பதற்குக் காரணம் அவர் கேள்வியிலேயே இருக்கிறது.

பால் வால்வின் கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் தண்ணீர் முழுதாக நின்றுவிடும். ஓடிவரும் தண்ணீர் சட்டென நிற்கும்போது அதன் வேகம் முழுவதும் அழுத்தமாக மாறிக் குழாயைத் தாக்குகிறது. நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை பி.வி.சி. குழாயில் திடீரென நிறுத்தினால், இருக்கும் அழுத்தத்தோடு சதுர செ.மீ.க்கு சுமார் 5 கிலோ கூடும். லைனில் ஏற்கெனவே 2 கிலோ இருந்தால் மொத்தம் 7 கிலோ. 6 கிலோ தாங்கும் குழாய் பலவீனமான இடத்தில், அதாவது எல்போவிலும் ஒட்டிலும், விட்டுவிடும். அதோடு, மோட்டார் ஓடிக்கொண்டிருக்க எல்லா வால்வும் மூடிக் கிடக்கும் அந்த இரண்டு நிமிடமும் தண்ணீர் போக வழியில்லை. குழாயும் மோட்டாரும் சேர்ந்து வதைபடுகின்றன.

ஆகவே, முதலில் அடுத்த வயலின் வால்வைத் திறக்க வேண்டும். பிறகு பாய்ந்து முடிந்த வயலின் வால்வை மெல்ல மூட வேண்டும். பத்து எண்ணும் வரை கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் போதும். இதற்குச் செலவு இல்லை. தண்ணீர் மாற்றப் போகும் பிள்ளைகளுக்கும் கூலியாட்களுக்கும் இதைச் சொல்லி வைப்பது முக்கியம்.

எங்கே எந்த வால்வு?

வயல் வால்வுக்குப் பால் வால்வே ஏற்றது. முழுதாகத் திறந்தால் தண்ணீருக்குத் தடை மிகக் குறைவு. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது கைப்பிடியைப் பார்த்தாலே தெரியும். வாங்கும்போது இரு பக்கமும் யூனியன் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், பழுதானபோது குழாயை அறுக்காமல் கழற்றி மாற்றலாம். குழாயின் அளவுக்கே வால்வும் இருக்க வேண்டும். விலை குறைவென்று ஓர் அளவு சிறிய வால்வைப் போட்டால் கடைசி வயலில் அழுத்தம் குறையும்.

கேட் வால்வைப் பல சுற்றுச் சுற்றி மூட வேண்டியிருப்பதால் அதிர்வு வராது என்பது உண்மை. ஆனால் மணல் கலந்து வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் அதன் அடிப்பள்ளத்தில் மணல் தங்கி, முழுதாக மூடாமல் கசியத் தொடங்கும். பாதி திறந்த நிலையில் நெடுநாள் விட்டால் உள்தகடு ஆடித் தேயும். 3 அங்குலத்துக்கு மேற்பட்ட பெரிய லைன்களுக்குப் பட்டர்பிளை வால்வு கையடக்கமாக இருக்கும். இந்தத் தோட்டத்துக்கு அது தேவையில்லை.

பணம் செலவழிப்பதானால் இரண்டு இடங்களில் செலவழிக்கலாம். ஒன்று ஏர் வால்வு. மெயின் லைனின் மேட்டுப் பகுதியிலும், ஒவ்வொரு வயல் வால்வைத் தாண்டி சப் மெயினிலும் இது இருக்க வேண்டும். மோட்டார் நின்றதும் குழாயில் உள்ள நீர் பள்ளத்தை நோக்கி இறங்கும். அப்போது காற்று நுழைய வழி இல்லையென்றால் சொட்டுவான்கள் வெளியே உள்ள சேற்றை உள்ளே இழுத்து அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, நான் ரிட்டர்ன் வால்வு. இதைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த வாசகர் வீட்டுக் குடிநீரும் மாட்டுத் தொட்டி நீரும் அதே ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் வருகின்றன. வென்சுரி வழியாக யூரியா விட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், குழாய் நீர் கிணற்றை நோக்கித் திரும்பும். உரக் கரைசலும் கூடவே போகும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. உடம்பு நீலம்பாயும் அளவுக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறைந்துவிடும். தண்ணீரைக் காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது.

நீர்மூழ்கி மோட்டாரின் தலையில் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு இருந்தாலும் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கிணற்றுக்கு மேலே, வென்சுரிக்கு முன்னால் இன்னொன்று கட்டாயம் வேண்டும். வால்வின் மேல் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் குழாயை இந்த வால்வுக்கும் கிணற்றுக்கும் இடையில் பிரிக்க வேண்டும்; வென்சுரியைத் தாண்டிப் பிரிக்கவே கூடாது. உரம் விட்டு முடிந்ததும் உறிஞ்சும் குழாயின் சிறு வால்வை மூடிவிட்டு, கால் மணி நேரம் வெறும் தண்ணீர் விட வேண்டும். வருடம் ஒருமுறை நான் ரிட்டர்ன் வால்வைக் கழற்றி, உள்மடல் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துத் துடைத்து மாட்ட வேண்டும்.

பொருத்தும்போது கவனிக்க

பி.வி.சி. பசையைக் குழாயின் வெளிப்புறம் மெல்லியதாகத் தடவ வேண்டும். அதிகமானால் உள்ளே வழிந்து பந்தைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு மரையைப் பிளாஸ்டிக் மரைக்குள் ரெஞ்சு போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் பிளந்துவிடும். டெஃப்லான் டேப் சுற்றிக் கையால் இறுக்கி, பிறகு சிறிது மட்டும் திருப்பினால் போதும். பி.வி.சி. வால்வு வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும் தன்மை வரும். பழைய சாக்காலோ கவிழ்த்த சட்டியாலோ மூடி வைக்கலாம். பயன்படுத்தாத வால்வையும் மாதம் இருமுறை திறந்து மூடினால் இறுகாது. இறுகிய கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பினால் கைப்பிடி ஒடியும். சப் மெயின் கடைசியில் உள்ள பிளஷ் வால்வை வாரம் ஒருமுறை திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த நீர் வரும்வரை விட வேண்டும்.

அரசு மானியத்தில் அமைத்த சொட்டுநீர் அமைப்பாக இருந்தால், எதையும் மாற்றும் முன் அமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் பணியாளரை வரவழைத்துக் காட்டுவது நல்லது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் வழங்கப்படுகிறது. ஏர் வால்வு, நான் ரிட்டர்ன் வால்வு ஆகியவை தன் தோட்டத்துப் பட்டியலில் இருந்தனவா, இருந்தும் பொருத்தாமல் விடப்பட்டனவா என்று கையெழுத்திட்ட மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்க்கும் உரிமை விவசாயிக்கு உண்டு.

கேட் வால்வுக்கு எடுத்து வைத்த பணத்தில் ஒரு பகுதிக்கு நான் ரிட்டர்ன் வால்வும் ஏர் வால்வுகளும் வாங்கிவிடலாம். வால்வு பொருத்திய கையோடு, வீட்டுக் குழாய் நீரில் ஒரு பாட்டில் எடுத்துக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நைட்ரேட் அளவையும் பார்த்துக்கொள்வது குடும்பத்துக்குப் பாதுகாப்பு.