பள்ளி ஆண்டின் நடுவே ஒரு குடிபெயர்ப்பு

சென்னையில் தீவுத்திடலை ஒட்டிக் கூவம் ஆற்றின் கரையில் தலைமுறைகளாகக் குடியிருந்து வந்த சத்தியவாணி முத்து நகர் மக்களை, 2019 டிசம்பரில், பொதுத் தேர்வுக்கு மூன்றே மாதம் இருந்த நிலையில், வேரோடு பெயர்த்துப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த முடிவுக்கு எந்தச் சமாதானமும் செல்லாது என்பதே நமது அபிப்பிராயம். கூவத்தைச் சுத்தப்படுத்த வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. வெள்ளக் காலத்தில் கரையோரத்தில் உயிருக்கு அபாயம் உண்டு என்பதையும் 2015 வெள்ளத்தை அனுபவித்த இந்த நகரில் ஒருவரும் மறுக்கப்போவதில்லை. ஆயினும், பல ஆண்டுகள் பொறுத்திருந்த காரியம், பிள்ளைகள் பரீட்சை எழுதி முடிக்கும் வரை இன்னும் நான்கு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்ற கேள்விக்கு இதுவரை பதில் இல்லை.

அப்போது பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் நிலையை எடுத்துக்கொள்வோம். டோக்கனுக்கும் ஒதுக்கீட்டு ஆணைக்கும் தாய் தந்தையர் வரிசையில் நிற்க, பாயும் பாத்திரமும் கேஸ் அடுப்பும் லாரியில் ஏற, பாடப்புத்தகங்கள் எந்த மூட்டைக்குள் போயின என்று தேடிக்கொண்டு அவளும் கூடவே போகிறாள். தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் பழைய பள்ளியிலிருந்து ஏற்கெனவே போய்விட்டதால், புதிய இடத்தில் பள்ளி இருந்தாலும் அவளுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. பரீட்சை முடியும் வரை பழைய பள்ளிக்கே வந்தாக வேண்டும். அதற்காக விடியுமுன் எழுந்து, பழைய மகாபலிபுரம் சாலையின் நெரிசலில் 25 கிலோமீட்டர் அளவுக்குப் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும். மாலைச் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்தால் திரும்புவதற்குள் இரவாகிவிடும் என்று அஞ்சும் தாய், அந்த வகுப்பே வேண்டாம் என்கிறாள். சில நாள் கழித்துப் பள்ளிக்கே போக வேண்டாம் என்கிறாள். அவளைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? விடியற்காலையில் நாலு வீட்டில் வேலை செய்து பிழைத்தவள், இப்போது அந்த வீடுகளுக்குப் போக நேரமும் இல்லாமல், போனால் பஸ் கட்டணம் போகக் கையில் மிச்சமும் இல்லாமல் தவிக்கிறாள். பாரிமுனையில் மூட்டை தூக்கிய தகப்பனுக்கு வேலை கிடைக்கும் நேரத்தில் அவன் இன்னும் பேருந்தில் இருக்கிறான். குடும்பத்தின் ஜீவனம் ஆட்டங்கண்ட வீட்டில் முதலில் நிற்பது பிள்ளையின் படிப்புதான் என்பது, இதேபோல முன்னர் மக்களைக் குடியேற்றிய கண்ணகி நகரைப் பார்த்த எவருக்கும் தெரியும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கிச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களை முன்னரே குடியேற்றிய இடத்தில், ஆண்டின் நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு வகுப்பில் உட்கார இடம் எங்கே இருக்கிறது என்று எவரேனும் போய்ப் பார்த்தார்களா? பிள்ளைகளின் வருங்காலம் இந்தத் திட்டத்தின் எந்தக் கோப்பிலும் ஒரு விஷயமாகவே கருதப்படவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

இத்தகைய அலட்சியம் அரசுக்குப் புதிதும் அன்று. 1971-இல் இயற்றப்பட்ட குடிசைப் பகுதிச் சட்டம், மக்கள் இருக்கும் இடத்திலேயே வசதிகளைச் செய்து கொடுப்பதற்கு முதலிடம் தந்தது; அவ்வாண்டு 1,202 பகுதிகள் அச்சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அதற்குப்பின் நகரம் பன்மடங்கு பெருகியும் அந்தப் பட்டியல் வளரவில்லை; பட்டியலில் இடம்பெறாதவர்கள் எல்லாம் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். 1970-களின் பிற்பகுதியில் உலக வங்கியின் உதவியோடு அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் சிறு மனைகளைப் பிரித்து, தண்ணீரும் சாலையும் தந்து, வீட்டை மக்களே சிறுகச் சிறுகக் கட்டிக்கொள்ள விட்டார்கள். அந்தப் பகுதிகள் இன்று நகரத்தோடு நகரமாகச் செழித்திருப்பது பிரத்தியட்சம். வெற்றி கண்ட அந்த வழியைக் கைவிட்டு, 2000-ஆம் ஆண்டில் கண்ணகி நகரில் 200 சதுர அடியை எட்டாத அறைகளை அடுக்கி, சுனாமிக்குப்பின் கடலோரத்து மக்களைச் செம்மஞ்சேரிக்கு அனுப்பி, பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குகளை எழுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் வீடு முதலில், பள்ளியும் ஆஸ்பத்திரியும் ரேஷன் கடையும் பின்னால் வரும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் மனிதர்கள் வந்து பல காலம் சென்ற பின்னரே, அதுவும் போராடிய பின்னரே, அவை அரைகுறையாக வந்தன. லிஃப்ட் நின்றுபோனால் கிழவிகள் தண்ணீர்க் குடத்தோடு எட்டாவது அடுக்கு வரை ஏறுகிறார்கள்.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றவே கொண்டுபோனோம் என்ற வாதத்தைத்தான் நம்மால் சகிக்க முடியவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துக் கிடக்கும் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் அதே 2015 மழையில் தண்ணீரில் நின்றனவே! ஏழையின் குடிசையை ஆட்சேபகரமான புறம்போக்கு என்று அளந்து குறித்த அதே அளவைச் சங்கிலி, நீர்நிலைகளின் ஓரத்தில் எழுந்த பெரிய கட்டடங்களின் வாசலில் ஏன் சுருண்டு கிடக்கிறது? வீடு கொடுத்தோமே என்கிறவர்கள், வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் நகருக்குள் வாடகைக்கு வந்து ஒண்டும் குடும்பங்களைப் பற்றி மட்டும் மௌனம் சாதிக்கிறார்கள்.

நகரின் எல்லைக்குள் நிலமே இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. அரசின் பல துறைகளிடம் சும்மா கிடக்கும் நிலங்களை மனம் வைத்துத் தேடினால் ஏழைகளுக்கு ஓரளவேனும் இடம் கிடைக்கும்; அதற்கான வழிவகைகளை அரசு உடனே ஆராய வேண்டும். அதுவரை, கரையோரத்தில் எஞ்சியிருக்கும் ஒரு குடும்பத்தையும் பள்ளி ஆண்டு முடியும் முன் தொடக்கூடாது. அன்று பெரும்பாக்கத்துக்குத் தள்ளப்பட்ட மாணவர்கள் அடுத்து வந்த மார்ச்சில் தேர்வு மண்டபத்துக்கு நேரத்தோடு வந்து சேருவதற்கு யார் பொறுப்பாக இருந்தார்கள் என்பதையேனும், இந்த முடிவில் கையெழுத்திட்டவர்கள் இப்போதாவது பகிரங்கமாகச் சொல்லட்டும்.