கௌரவத்துக்கும் விண்ணப்பப் படிவமா?

60 வயது கடந்த கலைஞர்களின் வாழ்நாள் உழைப்புக்காகக் கலாசார அலுவல்கள் திணைக்களம் கலாபூஷணம் அரச விருதை வழங்குகிறது. நல்ல விசயம். விருதே வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. அது போய்ச் சேருகிற வழியைத்தான் கேள்வி கேட்கிறோம்.

விருது வேணுமெண்டால் கலைஞரே விண்ணப்பிக்க வேணும். 'நான் பெரிய கலைஞன்' எண்டு தானே எழுதி, அதுக்குக் கடதாசியும் காட்ட வேணும். மட்டக்களப்பில் ஆயுசு முழுக்க வடமோடி பழக்கின ஒரு அண்ணாவியாரை யோசியுங்கோ. 1990இல் உடுத்த துணியோட ஓடினவர். மிச்சமிருந்ததை 2004இல் கடல் கொண்டுபோனது. பத்திரிகை நறுக்குக்கும் அழைப்பிதழுக்கும் அவர் எங்க போவார்? அவருடைய கூத்து கோப்பில் இல்லை. தொண்டையிலும் காலிலும் இருக்கு.

ஆக, கோப்பு வைத்திருப்பவர் கலாபூஷணம். மற்றவர் வெறும் கிழவர். போரையும் சுனாமியையும் கண்ட மண்ணில் கடதாசி கேட்பது, இழந்தவரிடமே இழப்புக்குத் தண்டம் வாங்குவது மாதிரி.

பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர்கள் இருக்கினம். அவர்கள் ஊருக்குள்ள போகட்டும். கூத்துக் களரியைச் சுற்றி விடிய விடிய இருந்த சனத்திட்டைக் கேக்கட்டும். அந்தச் சாட்சியை விடப் பெரிய சான்றிதழ் என்ன?

எங்களுக்கும் வேலை இருக்கு. கையில் போன் வைத்திருக்கிறோம். உங்கட ஊர் அண்ணாவியார் பாடுறதை இந்தக் கிழமையே பதிவு செய்யுங்கோ. செத்தபிறகு போடுற மாலை அவருக்குத் தெரியாது.