பகா எண்: மனனமா, மெய்ப்பிப்பா?



2 147 483 647. இரண்டு பில்லியனைத் தாண்டிய எண் இது. 2ஐ 31 முறை எழுதிப் பெருக்கி, வரும் விடையிலிருந்து 1ஐக் கழித்தால் இவ்வெண் கிட்டும். இஃது ஒரு பகா எண். 1ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த முழு எண்ணாலும் மீதமின்றி வகுபடாது. 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழிப்பதால் வரும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பர். அவ்வரிசையில் இஃது எட்டாவது.

பார்த்த மாத்திரத்தில் இதனைச் சொல்லிவிட இயலுமா? இயலாது. 2ஐ 32 முறை பெருக்கி 1ஐக் கூட்டினால் 4 294 967 297 வரும். இரண்டு எண்களும் 7இல் முடிகின்றன. இரண்டுமே 3ஆல் வகுபடா. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா, இந்த இரண்டாம் எண்ணும் பகா எண்ணே என நம்பினார். 1732இல் ஆய்லர் அது 641ஆல் வகுபடும் எனக் காட்டினார். மேதையின் நம்பிக்கையாயினும் மெய்ப்பிக்கப்படாதவரை அது நம்பிக்கை மட்டுமே.

அதே ஆய்லர்தாம் 1772இல், கண்பார்வையை ஏறக்குறைய முற்றிலும் இழந்திருந்த நிலையில், 2 147 483 647 பகா எண் என மெய்ப்பித்தார். 46 341ஐ அதே எண்ணால் பெருக்கினால் இவ்வெண்ணை மிஞ்சிவிடும். ஆகவே, 46 340 வரை சோதித்தால் போதும். அதிலும், வகுக்கும் எண் ஏதேனும் இருப்பின், அதனை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதம் வரவேண்டும் என அவர் கண்டறிந்தார். எஞ்சியவை ஏறத்தாழ 370 எண்களே! பெரிய எண்ணை வென்றது கணக்கிடும் வேகமன்று; சிந்தனை.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். 100க்குட்பட்ட 25 பகா எண்களையும் வாய்பாடுபோல் ஒப்புவிக்கும் மாணவர்கள் பலர். அவர்களிடம் 91ஐக் காட்டுங்கள். தயக்கமின்றிப் பகா எண் என்பர். 7ஐ 13ஆல் பெருக்கினால் 91 என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. பட்டியலை அளித்தோம், வழியை அளிக்கவில்லை. தேர்வில் அந்தப் பட்டியல் புள்ளிகளைப் பெற்றுத் தரலாம். 101ஐக் கேட்டால் அதுவும் கைகொடுக்காது.

ஆய்லர் கையாண்ட வழியின் முதற்படி ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கும் எட்டக்கூடியதே. பத்தைப் பத்தால் பெருக்கினால் 100. ஆகவே, 100க்குட்பட்ட எந்த எண்ணையும் 2, 3, 5, 7 ஆகிய நான்கால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். அந்த நான்கைத் தவிர, அவற்றுள் எதனாலும் வகுபடாத எண் 1ஐவிடப் பெரியதாயின், அது பகா எண்ணே. "ஏன் நான்கு மட்டும் போதும்?" என்று ஒரு மாணவன் கேட்டானாயின், அந்தப் பாடவேளை வீண்போகவில்லை என்பேன்.

பட்டியலைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. மாணவர்களே அதனை உருவாக்கட்டும் என்கிறேன். தாமே கண்டறிந்த எண்ணைப் பிள்ளைகள் எளிதில் மறப்பதில்லை. ஆசிரிய நண்பர்கள் சிந்திப்பார்களாக.